ராடார் டிடெக்டர் நம்ம நாலு வழிச்சாலைக்குத் தேவையா?

மச்சான் அமெரிக்காவுல இருந்து வரும்போது ராடார் டிடெக்டர் ஒண்ணு கொண்டாந்து குடுத்தாரு. முன் கண்ணாடில ஒட்டி லைட்டர் சாக்கெட்ல சொருகிட்டா போதும், போலீஸ் ஸ்பீடு கன்னோட எங்க நின்னாலும் முன்னாடியே கத்திரும், ஃபைனே வராதுன்னு பில்டப் வேற. திருநெல்வேலில இருந்து மதுரை ரோடு, நாகர்கோவில் ரோடு, தூத்துக்குடி ரோடுன்னு எல்லாத்துலயும் மாட்டி ஓட்டிப் பாத்தாச்சு. வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு நேராவே சொல்லுதேன், நம்மூருக்கு இது வேஸ்ட்டு.

கத்தாதான்னா, நல்லாவே கத்தும், கத்த வேண்டிய எடத்துல மட்டும் கத்தாது. வண்ணார்பேட்டைல ஒரு பெரிய கடை வாசல்ல வண்டிய நிப்பாட்டிருக்கேன், ஆளு உள்ள போகப் போக அந்தக் கண்ணாடிக் கதவு தானா தொறக்கு, தொறக்கும்போதெல்லாம் இது கே பேண்டு கே பேண்டுன்னு அலறுது. கே பேண்டுன்னா ஸ்பீடு ராடார் வேலை செய்யுற அலைவரிசை, அந்த 24 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துலதான் நெறைய கதவு சென்சாரும் வேலை செய்யுது, இதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கண்ணாடில தெரியாம பக்கத்துல வர்ற வண்டியக் காட்டிக்குடுக்குற பிளைண்ட் ஸ்பாட் சென்சார் வச்ச கார் பக்கத்துல வந்தாலும் சில நேரம் இதே கூத்து. பின்னாடி இருந்த அத்தை, "ஏய்யா, அத மொதல்ல அமத்துய்யா, நெஞ்சு படபடங்கு"ன்னுட்டாவ.

மெயினான மேட்டர் லேசர். ராடார் அலை அகலமா பரவும், முன்னாடி போற வண்டில பட்டு செதறுறத தூரத்துலயே டிடெக்டர் புடிச்சிரும், அமெரிக்காக்காரன் அதுக்குத்தான் வாங்குதான். நம்ம ஹைவேல ஸ்பீடு புடிக்க நிக்கிற போலீஸ் இன்டர்செப்டர் வண்டில பெரும்பாலும் லேசர் கன்தான், ஒல்லியான கதிரு, நம்பர் பிளேட்டப் பாத்து அடிப்பாவ, ஸ்பீடு எடுக்க ஒரு செகண்ட் கூட ஆகாது. டிடெக்டர் லேசர்னு கத்துனா நம்ம வண்டி மேல ஏற்கெனவே பட்டாச்சுன்னு அர்த்தம். கங்கைகொண்டான் தாண்டி ஒருவாட்டி அப்படிக் கத்துச்சு, நிமிந்து பாத்தா இன்டர்செப்டர் அந்தா நிக்கி, 90ல போனதால ஒண்ணும் ஆகல, இதே 120ல போயிருந்தா கத்தி என்ன பிரயோஜனம். ரெண்டு கேமராவுக்கு நடுவுல எவ்வளவு நேரத்துல வந்தோம்னு கணக்குப் போடுற சிஸ்டம்னா கேக்கவே வேண்டாம், அதுல புடிக்கறதுக்கு அலையே கெடையாது.

இன்னொண்ணு, 2019 ஜூலைக்குப் பெறகு வந்த கார்ல 80 தாண்டுனா விட்டு விட்டு பீப், 120 தாண்டுனா விடாம பீப், கம்பெனியே வச்சுக் குடுத்திருக்கான். நம்ம ஆளுக அந்தச் சத்தம் புடிக்கலைன்னு கழட்டிவிடச் சொல்லி மெக்கானிக் கிட்ட போய் நிக்காவ, அப்புறம் பல ஆயிரம் குடுத்து இன்னொரு பீப் வாங்குதாவ. என்னத்தச் சொல்ல. போன்ல மேப் போட்டாலே நம்ம ஸ்பீடு ஓரத்துல தெரியுது, சில எடத்துல கேமரா இருக்குன்னும் சொல்லிருது.

சரி, வெரட்டி ஓட்டி என்னத்த மிச்சம் பிடிக்கோம்? மதுரைக்கு 160 கிலோமீட்டர்னு வச்சுக்கிட்டா, வழி பூரா 110ல போறவன் 90ல போறவன விட 19 நிமிசம்தான் முந்துவான், அதுவும் பேப்பர் கணக்கு, சாலைப்புதூர் எட்டூர்வட்டம் கப்பலூர்னு டோல்கேட்டு இருக்கு, நடுவுல காப்பி இருக்கு. 110ல ஒரு செகண்டுக்கு 30 மீட்டர் போயிருதோம். நாங்குநேரி பக்கம் மீடியன் கேப்ல திடீர்னு ஒரு அண்ணாச்சி டிவிஎஸ் ஃபிஃப்டில தீவனக் கட்டோட குறுக்க ஏறுவாரு, கங்கைகொண்டான்ல மான் சரணாலயமே ரோட்டோரந்தான், அதுக்கெல்லாம் எந்த டிடெக்டரும் கத்தாது. பிரேக் அடிச்சு நிக்கிற தூரம் 80ல இருக்கறத விட 100ல ஒன்றரை மடங்குக்கு மேல.

ஃபைன் காருக்கு மொத தடவை ஆயிரம் ரூவா. நம்பர போட்டு இ-சலான் சைட்ல அப்பப்போ பாத்துக்கிடுங்க, மெசேஜ் சில நேரம் பழைய நம்பருக்குப் போயிருது.

சாமான் தரம் மோசம்னு சொல்ல மாட்டேன், டிஸ்ப்ளே வெயில்லயும் தெரியுது, ஒட்டுற கப் மட்டும் சித்திரை வெயிலுக்குத் தாங்காம தொப்புன்னு விழுந்துருது. அமெரிக்காவுல கார் ஓட்டுற சொந்தக்காரங்களுக்குன்னா ஓகே, அங்கயும் வர்ஜீனியால தடை, அந்தப் பக்கம் போனா கழட்டி வச்சிரச் சொல்லுங்க.