பெட்ராவா ஹெக்ராவா, எதுக்கு முதல்ல போறது?

ரெண்டுமே நபடேயர்கள்ங்கிற பழங்கால அரபு மக்களோட ஊர்கள்தான், பாறையக் குடைஞ்சு செஞ்ச கல்லறைகளுக்குப் பேர் போனது, ஆனா டிரிப் வேற மாதிரி. ஜோர்டான்ல பெட்ரான்னா நடை, சிக் இடுக்குப் பாதையே 1.2 கிலோமீட்டர், அப்புறம் மடாலம்னு சொல்ற, பாறையில குடைஞ்ச பெரிய கட்டடத்துக்கு 800 படி கிட்ட ஏறணும், அதனால ரெண்டு நாள் டிக்கெட்டே எடுங்க. சவூதி அல்உலா பக்கம் இருக்கிற ஹெக்ராவுல டூர் பஸ்லயே கூட்டிட்டுப் போவாங்க, வயசான அம்மா அப்பாவுக்கு வசதி.

அங்க கஸ்ர் அல் ஃபரீத்ங்கிற கல்லறை தனிப் பாறையில நிக்குது, மேல வழவழன்னு இருக்கும், கீழ உளி கொத்துன தடம் அப்படியே கரடுமுரடா தெரியும், ஏன்னா மேலருந்து செதுக்கிட்டு வந்தவங்க முடிக்காம விட்டுட்டாங்க. நிறைய கல்லறை வாசலுக்கு மேல அது யாரோடதுன்னு கல்வெட்டு வேற, பெட்ராவுல இது அபூர்வம்.

சவூதில வேலை பாக்குறவங்க முதல்ல ஹெக்ரா போங்க, ஊர்லருந்து கிளம்புறவங்களுக்கு பெட்ராதான். ஜூலை ஆகஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம்.