புது டயர், ஆடும் ஸ்டியரிங்: அலைன்மென்டா, பேலன்சிங்கா, ரிம்மா?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் டயர் மாற்ற இரண்டு காலம் உண்டு. ஜூன் மழைக்கு முன்னால் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று. பட்டன் (சாலையில் படும் மேற்பரப்பின் வரிக்கட்டைகள்) தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு ஈரத்தில் தொப்பூர் கணவாய் இறங்க யாருக்கும் மனசு வராது. பனிக்கு ஒரு செட், வெயிலுக்கு ஒரு செட் என்று ஜெர்மனியில் அக்டோபரிலும் ஈஸ்டரிலும் மாற்றி மாட்டுகிற வழக்கம் நமக்குத் தேவையில்லை. ஆனால் மாட்டிய பிறகு வரும் தொல்லை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி, புது டயர் போட்டு நான்கு வழிச்சாலையில் ஏறியதும் எண்பதுக்கு மேல் உதறுகிறது.

திரும்பக் கடைக்குப் போனால், "அலைன்மென்ட் போட்டா சரியாயிடும்ணா" என்பார் கடைப் பையன். மெக்கானிக்கைக் கேட்டால் ரிம் பெண்டு என்பார். வீட்டில் விவரம் தெரிந்த மாமா ஒருவர், டயரே மட்டம், வேறு கம்பெனி போட்டிருக்கலாம் என்பார். மூன்றுமே சில வண்டிகளுக்குப் பொருந்தும். எதற்கு முதலில் காசு எடுப்பது என்பதுதான் கேள்வி.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட், உதறினால் பேலன்சிங். இதைக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பணம் போகிறது.

அலைன்மென்ட் எதிர் பேலன்சிங்

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணம். முன்சக்கரங்கள் உள்பக்கம் பார்க்கின்றனவா வெளிப்பக்கம் பார்க்கின்றனவா, மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் அடங்கும். அது கெட்டால் வண்டி இழுக்கும், நேர்ச் சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் ஒரு ஓரம் மட்டும் தேயும். இப்போது யோசித்துப் பாருங்கள்: டயர் மாற்றும்போது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை யாராவது தொட்டார்களா? சஸ்பென்ஷனில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினார்களா? இல்லை. அப்படியிருக்க, டயர் மாற்றிய அன்றே தொடங்கிய ஆட்டத்துக்குக் கோணம் எப்படிக் காரணமாகும்? அன்று கை பட்ட இடங்கள் ஐந்தே ஐந்து: டயர், ரிம், வெயிட் (கனத்தைச் சமன் செய்ய ரிம்மில் பொருத்தும் சின்ன எடைத்துண்டு), வீல் நட், ஹப்பின் முகம் (வண்டியில் சக்கரம் வந்து பொருந்தும் பரப்பு). குற்றவாளி அநேகமாக அந்த ஐந்துக்குள்தான் இருப்பார்.

அலைன்மென்ட் வீண் செலவு என்று சொல்ல வரவில்லை. கழற்றிய பழைய டயர் ஓரம் தேய்ந்திருந்தால் கட்டாயம் போடவேண்டும்; இல்லாவிட்டால் புதுசும் அதே வழியில் போகும். டயரின் ஆயுளுக்கு அது நல்லது. உதறலுக்கு அது மருந்தாகாது. சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்டு ஒரு பிரிண்ட் கையில் கொடுப்பதால் பெரிய வைத்தியம் பார்த்த மாதிரி ஒரு திருப்தி வருகிறது, அவ்வளவுதான்.

பேலன்சிங் பக்கம் வாருங்கள். சக்கரத்தின் கனம் சுற்றிலும் ஒன்றாக இருக்கும்படி வெயிட் பொருத்துவதுதான் அது. சக்கரத்தில் ஒரு இடம் மட்டும் கனமாக இருந்தால் சுற்றும்போது அது வெளியே இழுக்கும். அந்த இழுப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர்; நூறு கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 14 சுற்று. ரிம் விளிம்பில் வெறும் 20 கிராம் கூடுதலாக இருந்தாலே அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட 3 கிலோ விசையாக மாறி, நொடிக்கு 14 தடவை ஹப்பை உலுக்கும். ஐம்பதில் அதே 20 கிராம் முக்கால் கிலோதான். ஊருக்குள் ரவுண்டானா சுற்றும்போது ஒன்றும் தெரியாமல், காவேரிப்பட்டணம் தாண்டி வேகம் பிடித்ததும் கை நடுங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆக, எந்த வேகத்தில் ஆடுகிறது என்பதே பாதி விடை. 80 முதல் 110-க்குள் வருகிறதா? பேலன்சிங். 20, 30 வேகத்திலேயே வண்டி ஏறி இறங்குகிற மாதிரி இருக்கிறதா? ரிம்மோ டயரோ வட்டமாக இல்லை. வெயிட் அடித்து அதைச் சரிக்கட்ட முடியாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் உதறி, காலை எடுத்தால் நிற்கிறதா? ஆக்சில் ஜாயின்ட்டைப் பாருங்கள், டயர் கடையில் வேலையில்லை. ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டும் தரையும் ஆடினால் பின்சக்கரம்.

இதைச் சோதிக்க கிருஷ்ணகிரி – தருமபுரி சாலை நல்ல இடம். மேடு பள்ளமான சாலையில் ஓட்டினால் சாலையின் ஆட்டமா வண்டியின் ஆட்டமா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

அதே கடையா, வேறு மெஷினா

பேலன்சிங் போட்டாகிவிட்டது, மெஷினில் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டியது, ஆனாலும் ஆடுகிறது. இங்கேதான் பலர் குழம்பி அலைன்மென்ட்டுக்குத் தாவுகிறார்கள். மெஷின் பூஜ்யம் காட்டினால், மெஷினின் தண்டில் அந்தச் சக்கரம் மாட்டியிருந்த விதத்தில் பூஜ்யம் என்று மட்டுமே பொருள். சக்கரத்தைத் தண்டில் நடுவாக நிறுத்தும் கூம்பு தேய்ந்திருந்தாலோ ரிம் நடுத்துளையில் மண் இருந்தாலோ சக்கரம் மையம் விலகி உட்காரும். அந்தத் தப்புக்கும் சேர்த்து வெயிட் அடித்துவிடுவார்கள்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பூஜ்யம் வந்த சக்கரத்தை மெஷினிலேயே தளர்த்தி, தண்டின் மேல் அரைச் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். மறுபடியும் பூஜ்யமோ ஐந்து கிராமோ காட்டினால் மாட்டியது சரி. 20, 25 கிராம் காட்டினால் அந்த மெஷினில் இன்னும் பத்து முறை போட்டாலும் பிரயோஜனம் இல்லை. வேறு கடைக்குப் போங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல கடைக்காரர் கேட்காமலேயே செய்து காட்டுவார். முகம் சுளிப்பவரிடம் என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும்.

வெயிட் விஷயமும் உண்டு. ரிம் விளிம்பில் அடிக்கும் வெயிட் சாமானியத்தில் விழாது. அலாய் (அலுமினியக் கலவை) ரிம்மில் உள்பக்கம் வெயிட் ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைக்கவேண்டும். மழைக்காலத்தில் அவசரத்தில் தூசி மேலேயே ஒட்டிவிட்டால் முதல் வாட்டர் வாஷில் போய்விடும். நம் பக்கத்துச் செம்மண் தனிக்கதை. மாந்தோப்புக்குள் போய் வந்தால் ரிம்மின் உள்பக்கம் அப்பிக்கொண்டு காய்ந்து கெட்டியாகிவிடும். அது நூறு கிராமுக்கும் போகலாம். கடைக்குப் போவதற்கு முன் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். டியூப்லெஸ் டயரில் பஞ்சர் திரவம் ஊற்றியிருந்தால் அதுவும் உள்ளே ஒரு பக்கம் தேங்கி இதே வேலையைச் செய்யும்.

முன்பின் மாற்றிப் பார்ப்பது

இரண்டாவது பேலன்சிங்குக்குப் பணம் கொடுப்பதைவிட எனக்குப் பிடித்தது இது. வலது முன்சக்கரத்தை வலது பின்பக்கத்திலும், இடதை இடதிலும் மாற்றி மாட்டுங்கள். பக்கம் மாறாததால் ஒரே திசையில் சுற்றவேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயருக்கும் ஒத்துவரும். ஸ்டியரிங் ஆட்டம் போய் சீட் ஆடத் தொடங்கினால் கோளாறு சக்கரத்தோடு பயணம் செய்கிறது என்று அர்த்தம். ஸ்டியரிங் அப்படியே ஆடினால் சக்கரத்தில் குறை தேடுவதை நிறுத்திவிட்டு ஹப், பேரிங், பால் ஜாயின்ட் பக்கம் போகலாம். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்ட வண்டிகளுக்கு மட்டும் இது ஆகாது.

கழற்றியிருக்கும்போதே ஹப்பின் முகத்தைப் பாருங்கள். துருவோ காய்ந்த மண்ணோ அங்கே அரை மில்லிமீட்டர் ஒட்டியிருந்தால், டயரின் விட்டம் ஹப்பைப் போல் நான்கு மடங்கு என்பதால், டயர் ஓரத்தில் அது இரண்டு மில்லிமீட்டர் கோணலாக வெளிப்படும். பேலன்சிங் மெஷினுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் மெஷினில் உங்கள் ஹப் இல்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டினால் தீர்ந்தது. கம்பெனி ரிம்மைத் தூக்கிவிட்டு வெளியில் வாங்கிய அலாய் போட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: நடுத்துளைக்கும் ஹப்புக்கும் இடைவெளி அடைக்கும் வளையம். டயர் மாற்றும்போது அது கீழே விழுந்து குப்பையோடு போவது சகஜம்.

நட்டை இறுக்குவதிலும் இரண்டு விதம். காற்றில் ஓடும் கன் வைத்து வரிசையாக அடித்துவிட்டுப் போவது ஒன்று; சக்கரம் தூக்கியிருக்கும்போதே எதிரெதிராகக் கையால் ஓட்டி, இறக்கியபின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடிப்பது இன்னொன்று. சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். கன் வேகமானது, ஆனால் ஒரு நட்டு அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் இறுகினால் பிரேக் டிஸ்க்கே லேசாகக் கோணலாகி, நாளடைவில் பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடும் ஆட்டத்தைக் கொண்டுவரும். தொப்பூர் இறக்கத்திலோ பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும்போதோ டிஸ்க் சூடேறும் சமயத்தில் இது நன்றாகத் தெரியும். பிரேக்கை விட்டதும் ஆட்டம் நின்றுவிட்டால் டயர் கடையை மறந்துவிடுங்கள்.

பெண்டு எடுப்பதா, வேறு ரிம்மா

ஜாக்கி போட்டுத் தூக்கி, டயர் ஓரத்தில் ஒரு செங்கல் வைத்து அதன்மேல் ஸ்க்ரூடிரைவரை நீட்டிவைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் வட்டத்தில் குறை இருக்கிறது. ரிம்மின் விளிம்பில் ஒரு தடவை, டயரின் பட்டன்மேல் ஒரு தடவை என்று தனித்தனியாகப் பார்த்தால் குறை யாருடையது என்பது தெரிந்துவிடும். இரும்பு ரிம் என்றால் பெண்டு எடுப்பதில் தப்பில்லை, மலிவும்கூட. அலாய் வேறு ஜாதி. லேசான வளைவை நிதானமாக எடுக்கலாம். விரிசல் விழுந்ததை வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், அதுவும் லாரிகளுக்கு நடுவே ஓடும் சாலையில். அதற்கு ஒரு பழைய கம்பெனி ரிம் தேடி வாங்குவது மேல்.

ரிம் சரி, டயர்தான் வட்டமாக இல்லை என்றால் உடனே டயரைக் குறை சொல்ல வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிப் போகும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். ஒரு இடத்தில் உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றினால் போதும். கோடும் சரியாக இருக்கிறதா? அப்புறம் ரிம்மின் மேல் டயரை அரைச் சுற்று திருப்பி மாட்டச் சொல்லுங்கள். டயரின் உயர்ந்த இடமும் ரிம்மின் உயர்ந்த இடமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் இதில் ஒன்றை ஒன்று சரிக்கட்டும். புது டயரில் இருக்கும் சிவப்புப் புள்ளி அந்த உயரத்தைக் காட்டத்தான். மஞ்சள் புள்ளி கனம் குறைந்த இடம், அது வால்வுக்கு நேராக வரவேண்டும். உருளையால் டயரை அழுத்திச் சுழற்றிப் பார்க்கும் ரோடு ஃபோர்ஸ் மெஷின் இதைத் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் அதற்காகப் பெங்களூரு வரை ஓடுவது, அரைச் சுற்று வைத்தியமும் பலிக்காத வண்டிக்கு மட்டும்தான்.

இரண்டு டயர் மட்டும் மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுசை முன்னால் போட்டு, முன்னால் இருந்த பழசைப் பின்னால் தள்ளுவது நம் கடைகளின் வழக்கம். அலை அலையாகத் தேய்ந்த பழசு பின்னால் போனதும் சீட் அதிரும், பழி புது டயர்மேல் விழும். டயர் கம்பெனிகள் சொல்வதும் புதுசைப் பின்னால் போடச் சொல்லித்தான். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைப் பிடிப்பது கடினம்.

இத்தனையும் பார்த்து ரிம், ஹப், நட் எல்லாம் சரியாக இருந்தால், மாமா சொன்னது உண்மை: டயரில் தயாரிப்புக் குறை. அதற்கு வேறு டயருக்குக் காசு கொடுக்காமல் வாரண்டியில் கிளெய்ம் போடுங்கள். பில், டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கத் தயாரிப்பு எண் (2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்), அப்புறம் ஸ்க்ரூடிரைவர் வைத்துச் சுற்றியபோது எடுத்த போன் வீடியோ ஆகிய மூன்றும் கையில் இருந்தால் டீலரிடம் பேச்சு சீக்கிரம் முடியும். பட்டன் தேயத் தேய கிளெய்மில் கிடைக்கும் தொகையும் குறையும்; அதனால் ஆட்டத்தோடேயே ஓட்டிக்கொண்டிருக்காமல் முதல் மாதத்துக்குள் போய்விடுங்கள்.