சிடிகளை ஃபிளாக்கில் ஏற்றுவதா, எம்பி3 போதுமா?

அலமாரியில் இருக்கும் சிடிகளைக் கணினிக்கு மாற்றலாம் என்று உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி இது. இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் காதைப் பற்றியவை. 320 கேபிபிஎஸ் எம்பி3க்கும் சிடிக்கும் வித்தியாசமே தெரியாது என்று ஒரு கட்சி. தம்புராவின் கார்வையே போய்விட்டது என்று இன்னொரு கட்சி. நான் ஃபிளாக்கில், அதாவது ஒலியைக் குறைக்காமல் சுருக்கிவைக்கும் கோப்பு வடிவத்தில், ஏற்றி முடித்தவன். ஆனாலும் முதல் கட்சி சொல்வதைத்தான் ஒப்புக்கொள்வேன். மின்விசிறி ஓடும் கூடத்தில், சுமாரான ஸ்பீக்கரில், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கின்றன. நல்ல ஹெட்போன் மாட்டினாலும் பந்தயம் கட்ட மாட்டேன்.

இடப் பிரச்சினையை இரண்டே வரியில் முடித்துவிடலாம். ஒரு மணி நேர சிடி அப்படியே எடுத்தால் 600 எம்பிக்குச் சற்று மேல். ஃபிளாக்கில் அது ஏறக்குறைய பாதியாகும், 320 எம்பி3யில் 145 எம்பி அளவுக்குச் சுருங்கும். 500 சிடி இருந்தாலும் ஃபிளாக்குக்கு 200 ஜிபியைத் தாண்டாது. 40 ஜிபி ஹார்ட் டிஸ்க் வைத்திருந்த காலத்தில் இது நியாயமான கவலை. இன்று 1 டிபி டிஸ்க்கில் ஒரு மூலையில் கிடக்கும்.

ஏற்றவே வேண்டாம், எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. திரைப்பாடல் மட்டும் கேட்பவர் என்றால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. என்னிடம் பாதிக்குப் பாதி கர்நாடகக் கச்சேரி சிடிகள். அவற்றில் பல அங்கே இல்லை. இருப்பவற்றிலும் வயலின் யார், மிருதங்கம் யார் என்று கண்டுபிடிப்பதற்குள் கச்சேரியே முடிந்துவிடும். பெயர் தப்பாக இருந்தால் நம்மால் திருத்தவும் முடியாது.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. சிடியை ஏற்றுவதில் பெரிய வேலை ஒலியை எடுப்பது என்று நினைக்கிறோம். டிரைவ் அதைத் தானே செய்துவிடும், தட்டு ஒன்றுக்குப் பத்து நிமிடம் போல ஆகும். மனிதன் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை டேக் போடுவது, அதாவது கோப்புக்குள்ளேயே விவரங்களை எழுதிவைப்பது: பாட்டு, பாடியவர், பக்கவாத்தியம், ராகம், தாளம், இயற்றியவர்.

பெரும்பாலான சிடிகளில் பாட்டின் பெயர் எழுத்தாகப் பதிவாகியிருப்பதில்லை. எத்தனை டிராக், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பதை வைத்து, மென்பொருள் இணையத்தில் ஒரு தரவுத்தளத்தில் பொருத்தம் தேடுகிறது. நெடுநாள் அந்த வேலையைச் செய்துவந்த ஃப்ரீடிபி 2020இல் மூடப்பட்டது. இப்போது மியூசிக்பிரெயின்ஸ் போன்றவற்றைத்தான் நம்ப வேண்டும். புகழ்பெற்ற ஆங்கில ஆல்பத்தைப் போட்டால் அட்டைப்படம் வரை வந்து உட்கார்ந்துகொள்ளும். நம்முடைய சிடியைப் போட்டால் ஒன்று, எதுவும் வராது. அல்லது யாரோ ஒரு ரசிகர் தன் இஷ்டத்துக்கு நிரப்பியது வரும். பாடகர் இடத்தில் ராகத்தின் பெயர், ஆல்பம் இடத்தில் சபாவின் பெயர். சில சமயம் டிராக் நீளம் தற்செயலாகப் பொருந்தி, சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் ஐரோப்பிய ஆல்பம்கூட வந்து நிற்கும்.

வந்தது சரியாக இருந்தாலும் ஒரே மாதிரி இருக்காது. எம்.எஸ்.சுப்புலட்சுமி, இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்து ஒருவர், வைக்காமல் ஒருவர், இடைவெளி விட்டு ஒருவர் என்று நூலகத்தில் மூன்று பாடகிகளாக நிற்பார். தோடியை ஆங்கிலத்தில் எழுதும்போது எச் போடுபவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. அதனால் ராகத்தின் பெயரில் தேடினால் பாதிப் பாட்டு கிடைக்காது. திரைப்பாடல் சிடிகளில் இன்னொரு வம்பு: இரண்டு மூன்று படங்களை ஒரே தட்டில் அடைத்து விற்றிருப்பார்கள். அதைப் படவாரியாகத் தனித்தனி ஆல்பமாகப் பிரித்தால்தான் பிறகு தேடும்போது கையில் அகப்படும். ஆக, சிடி பெட்டிக்குள் வரும் விவர அட்டையான இன்லே கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் அரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. இதை வாழ்க்கையில் ஒரு தடவைதான் செய்ய முடியும். இரண்டாம் தடவைக்கு யாருக்கும் பொறுமை இருக்காது.

நான் ஃபிளாக் பக்கம் சாய்ந்தது இதனால்தான். எம்பி3 சிடியில் இருப்பதில் ஒரு பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சேமிக்கிறது. அதிலிருந்து வேறொரு வடிவத்துக்கு மாற்றினால் தரம் இன்னும் ஒரு படி இறங்கும். அது பிடிக்காவிட்டால் மறுபடி தட்டைத் தேட வேண்டும். ஃபிளாக்கில் சிடியின் ஒலி ஒரு துளியும் குறையாமல் இருக்கிறது. நெகட்டிவ் கையில் இருந்தால் எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம் அல்லவா, அப்படி. கார் ஸ்டீரியோவுக்கு எம்பி3தான் வேண்டும் என்றால், ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளில் மொத்த நூலகத்தையும் தேர்ந்து மாற்றச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் எம்பி3 நகல் தயாராக இருக்கும், போட்ட டேக்கும் கூடவே வந்திருக்கும். நாளைக்குப் புதிதாக ஏதாவது வடிவம் வந்தாலும் இதே கதைதான்.

டேக் போடுவதிலேயே ஃபிளாக் கொஞ்சம் தாராளம். ராகம், தாளம் என்று நாமே புதுக் கட்டங்களுக்குப் பெயர் வைத்துச் சேர்க்கலாம். எழுத்து யுனிகோட் என்பதால் தமிழிலேயே நிரப்பலாம். எம்பி3யிலும் இது முடியும், ஆனால் எல்லாப் பிளேயரும் அதைப் படிப்பதில்லை. ஃபூபாரில் ராகத்துக்கென்று ஒரு பத்தி வைத்து, கல்யாணி என்று தேடினால் எல்லாப் பாடகர்களின் கல்யாணியும் வரிசையாக வந்து நிற்கின்றன. கோப்புறைப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. பழைய கார் ஸ்டீரியோக்கள் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகக் காட்டும்.

இன்னும் இரண்டு காரணங்கள். கச்சேரி சிடிகளில் ஆலாபனை, கிருதி, தனி ஆவர்த்தனம் ஆகியவற்றைத் தனித்தனி டிராக்காக வெட்டியிருப்பார்கள், ஒலி மட்டும் தொடர்ந்து போகும். எம்பி3யின் அமைப்பிலேயே டிராக்கின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ந்துவிடுகிறது. நல்ல பிளேயர் அதை மறைத்துவிடும், மலிவான பிளேயரில் தனி தொடங்கும் இடத்தில் ஒரு விக்கல் விழும். ஃபிளாக்கில் அந்தச் சேர்ப்பே கிடையாது. அடுத்தது, ஒவ்வொரு ஃபிளாக் கோப்பும் தன் ஒலிக்கான சரிபார்ப்பு எண்ணைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஐந்து வருடம் கழித்து டிஸ்க்கில் ஏதாவது கெட்டிருக்கிறதா என்று மொத்த நூலகத்தையும் ஒரே கட்டளையில் சோதித்துவிடலாம். இரண்டாவது டிஸ்க்கில் ஒரு நகல் வைப்பது எப்படியும் அவசியம், அது வேறு விஷயம்.

இதே வாதம் ஆப்பிளின் ஆலாக்குக்கும் பொருந்தும். அதுவும் ஒலியைக் குறைக்காத வடிவம்தான், 2011 முதல் திறந்த மூலமும்கூட. ஆப்பிள் மியூசிக் செயலி ஃபிளாக்கைச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே வீடு முழுக்க ஐபோனும் மேக்குமாக இருந்தால் ஆலாக்தான் வசதி. எங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டும் விண்டோஸும்தான், ஆலாக்கோடு நான் குடித்தனம் நடத்தியதில்லை. எப்படியும் இரண்டுக்கும் இடையே எந்த நஷ்டமும் இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இங்கே தப்பான முடிவு என்று ஒன்றில்லை. சுருக்காமல் அப்படியே வேவ் கோப்பாக வைப்பதை மட்டும் தவிர்க்கலாம். இடமும் இரட்டிப்பு, அதில் போடும் டேக்கைப் பல பிளேயர்கள் கண்டுகொள்வதும் இல்லை.

கடையில் கொடுத்து மாற்றுவது சோம்பலுக்கு நல்ல மருந்து. ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் திரும்பி வந்த பென் டிரைவில் முழுக்க முழுக்க டிராக் 01, டிராக் 02 என்றே இருந்தது. எந்தக் கடையில் கொடுத்தாலும், ஃபிளாக்கில் தருவார்களா, டேக் யார் போடுவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மென்பொருள் விஷயத்தில் விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போதும், இலவசம். கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், முடியாவிட்டால் எந்த டிராக்கில் சந்தேகம் என்று சொல்லிவிடும். சாதாரண மென்பொருள்கள் சத்தமில்லாமல் ஒப்பேற்றிவிட்டுப் போய்விடும். நாம் எடுத்த ஒலியை உலகில் மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிடும் அக்யுரேட்ரிப் வசதியும் அதில் உண்டு. நம் கச்சேரி சிடிகள் பல அந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்போது டெஸ்ட் அண்ட் காப்பி என்பதைத் தேர்ந்தால் இரண்டு முறை படித்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொள்ளும். டேக் திருத்த எம்பி3டேக் நல்லது. பெயர் அப்படி இருந்தாலும் ஃபிளாக்கையும் கையாளும். இப்போதைய லேப்டாப்பில் டிரைவ் இருக்காது, யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் 100 பாட்டு, 150 பாட்டு என்று விற்ற எம்பி3 சிடிகள் உங்களிடமும் இருக்கும். அவற்றை அப்படியே நகலெடுத்தால் போதும். ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு வீங்குமே தவிர, போன ஒலி திரும்பி வராது. அப்புறம், வீட்டிலோ கடையிலோ எழுதி வாங்கிய சிடி-ஆர்கள் இருந்தால் வரிசையில் அவற்றை முதலில் வையுங்கள். கம்பெனியில் அச்சிட்ட தட்டு இன்னும் பல வருடம் காத்திருக்கும். சிடி-ஆரில் இருப்பது சாயப்பூச்சு, வெயிலிலும் வெக்கையிலும் மங்கக்கூடியது. அதில் பெரும்பாலும் இன்லே கார்டும் இருக்காது, ராகம் சொல்லத் தெரிந்த யாராவது பக்கத்தில் இருக்கும்போது ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும்.