செல்லா, பேக்கா?

பேட்டரித் தொழிலில் இரண்டு வேலை உண்டு. செல்லையே செய்வது ஒன்று. வாங்கிய செல்களைக் கோத்து பேக் கட்டுவது இன்னொன்று. வடசென்னைக்கு எது? என்னைக் கேட்டால், முதலில் பேக்.

வியாசர்பாடியில் நண்பரின் பட்டறையில் பார்த்தேன். 3.2 வோல்ட் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள் 16-ஐத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட், ஈ-ஆட்டோவுக்குச் சரி. மல்டிமீட்டரால் ஒவ்வொன்றையும் அளந்து, ஒத்துப்போகாததைத் தனியே வைக்கிறார்கள். ஒரு செல் சோம்பினாலும் மொத்த பேக்கும் படுத்துவிடும். அப்புறம் செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் மின்னணுப் பலகை, இரும்புப் பெட்டி. ஐடிஐ படித்த பையன்களுக்குக் கைவந்துவிடும் வேலைதான். குறை என்னவென்றால், விலையில் பெரும்பங்கு செல்லுக்கே போகிறது. அதுவோ பெரும்பாலும் சீனச் சரக்கு.

செல் தயாரிப்பு வேறு கதை. செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட்டுக்கு ஈரம் ஆகவே ஆகாது. அதை நிரப்பும் உலர் அறையில் ஈரப்பதம் 1 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். எண்ணூர்க் காற்றில் துவைத்த சட்டையே பிசுபிசுக்கும்! காற்றை உலர்த்தவே மின்கட்டணம் எகிறும். செலவு இப்படி இருப்பதால்தான் 2021-இல் மத்திய அரசு செல் தயாரிப்புக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் கொண்டுவந்தது. சாதகமும் இல்லாமல் இல்லை: பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம், செல் தயாரிப்பில் பயன்படும் கரைப்பான்களோடு மணலி ரசாயன ஆலைகளில் பழகிய ஆட்கள்.