இடிந்துபோன நியூயார்க்கைத் தெருமுனை தெருமுனையாகப் பார்க்க: ஓல்ட் என்.ஒய்.சி. தளம்

ஒரு மாதமாக, ராத்திரி வேலையெல்லாம் முடிந்ததும் நான் திறப்பது இந்தத் தளத்தைத்தான். நியூயார்க் நகரத்தின் வரைபடம், அதன் மேல் சிவப்புப் புள்ளிகள், புள்ளியைத் தட்டினால் அந்தத் தெருமுனையில் எடுத்த பழைய புகைப்படங்கள். அவ்வளவுதான் விஷயம். காசு கிடையாது. பழைய கட்டடங்களின் படங்களைத் தேடிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சலிப்பு தெரிந்திருக்கும். பிரபலமான அதே இருபது முப்பது படங்கள்தான் எங்கே போனாலும் சுற்றிச் சுற்றி வரும், எங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நியூயார்க்கைப் பொறுத்தவரை அந்தக் குறை இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

படங்கள் நியூயார்க் பொது நூலகத்துடையவை, 1870களிலிருந்து 1970கள் வரையிலான தெருக்காட்சிகள். நூலகம் அவற்றை ஸ்கேன் செய்து வைத்திருந்தது. தலைப்பில் மன்ஹாட்டன், இன்ன அவென்யூ, இன்ன தெரு என்று மட்டும் இருக்கும். டான் வாண்டர்காம் என்ற மென்பொருள் பொறியாளர் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தெருக்களும் சந்திக்கும் இடத்தைக் கணக்கிட்டு, படத்தைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தார். 2015இல் தளம் வந்தபோதே ஏறக்குறைய 40,000 படங்கள் வரைபடத்தில் இருந்தன. இதே மாதிரி சான் பிரான்சிஸ்கோவுக்கும் அவர் முன்பே ஒன்று செய்திருக்கிறார்.

என்னைக் கட்டிப்போட்டது படங்களைவிட அவற்றின் பக்கத்தில் வரும் எழுத்துதான். அந்தப் புகைப்படங்களில் பலவற்றின் பின்புறத்தில் டைப்ரைட்டரில் அடித்த குறிப்பு இருக்கிறது. எந்தத் தெரு, அதன் கிழக்குப் பக்கமா மேற்குப் பக்கமா, எந்தத் திசை பார்த்து எடுத்தது, கண்ணில் படும் கட்டடங்கள் எவை, என்ன தேதி, எடுத்தவர் யார். சிலவற்றில் இந்த வரிசை வீடுகள் சீக்கிரம் இடிபடப் போகின்றன என்பதும், இங்கே முன்பு என்ன இருந்தது என்பதும் சேர்ந்தே வரும். அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து, எழுத்துகளைக் கணினியால் படிக்க வைத்துத் தளத்தில் போட்டிருக்கிறார்கள். பழைய டைப்ரைட்டர் எழுத்து என்பதால் அங்கங்கே தப்பு விழும், அதை நாமே திருத்தி அனுப்பவும் வழி இருக்கிறது. நான் சில திருத்தங்கள் அனுப்பினேன். ஒரு தெருப் பெயரில் விட்டுப்போன எழுத்தைச் சேர்ப்பதில் இவ்வளவு நிறைவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

இந்தக் குறிப்புகளின் கீழே திரும்பத் திரும்ப வருகிற பெயர் பெர்சி லூமிஸ் ஸ்பெர். 1920களின் பிற்பகுதியிலிருந்து 1940களின் தொடக்கம் வரை இந்த நகரத்தைத் தெருத்தெருவாக எடுத்தவர். அழகான கட்டடம் என்று தேடிப் போனவராகத் தெரியவில்லை. மளிகைக் கடை, குதிரை லாயம், கப்பல் துறை, இடிக்க ஆரம்பித்த பாதி வீடு, எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு எடுத்திருக்கிறார். ஒரே முனைக்குச் சில வருடம் கழித்து மறுபடியும் போய் எடுத்த படங்களும் உண்டு. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் முதல் படத்தில் கடைப்பலகையோடு நிற்கிற கட்டடம் இரண்டாவதில் வெறும் மனையாகக் கிடக்கும். ஆறாவது அவென்யூவின் மேல் ஓடிய ரயில்பாதையை 1938–39 வாக்கில் பிரித்தார்கள். அதற்கு முந்தைய படங்களில் இரும்புச் சட்டங்களின் நிழல் ரோட்டில் ஏணிப்படி மாதிரி விழுந்து கிடக்கிறது, நடுப்பகலிலும் கடை வாசல்கள் இருட்டாகத்தான் இருக்கின்றன. பிரித்த பிறகு அதே தெருவைப் பார்த்தால் வேறு ஊர் மாதிரி இருக்கும்.

பெரிய பெயர்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்பவர்களுக்கும் குறையில்லை. ஏழாவது அவென்யூவும் 32ஆவது தெருவும் சேரும் இடத்துக்குப் போங்கள். பழைய பென்சில்வேனியா ஸ்டேஷன் அங்கேதான் இருந்தது. 1910இல் திறந்து, 1963 அக்டோபர் 28இல் இடிக்க ஆரம்பித்தார்கள், 53 வருடம்தான் வாழ்ந்திருக்கிறது. இளஞ்சிவப்பு கிரானைட் தூண்கள் வரிசையாக நிற்கிற அந்த முகப்பின் உயரம், கீழே நடந்துபோகிற மனிதர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். உள்ளே இருந்த காத்திருப்புக் கூடத்தைப் பண்டைய ரோமின் கராகல்லா குளியல் மண்டபத்தை மனதில் வைத்துக் கட்டினார்கள். இப்போது அந்த இடத்தில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் நிற்கிறது, ரயில்கள் அதற்கு அடியில் ஓடுகின்றன. இந்த இடிப்பு கிளப்பிய ஆத்திரமும் ஒரு காரணமாகி, 1965இல் நகரத்துக்குப் பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பாற்றும் சட்டம் வந்தது. சிங்கர் தையல் மிஷின் கம்பெனியின் கோபுரத்துக்கு அந்தச் சட்டமும் உதவவில்லை. பிராட்வேயும் லிபர்ட்டி தெருவும் சேரும் இடத்தில் 47 மாடி, 1908இல் உலகத்திலேயே உயரமான கட்டடம், 1967இல் இடிக்க ஆரம்பித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். சட்டம் வந்து இரண்டே வருடம். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

சரி, குறைகள். படம் உட்கார்ந்திருப்பது இரண்டு தெருக்கள் சந்திக்கும் புள்ளியில். படம் எடுத்தவர் நின்ற இடம் நாலு வீடு தள்ளி இருக்கலாம், அதைக் குறிப்பைப் படித்து நாம்தான் ஊகிக்க வேண்டும். மன்ஹாட்டனில் படங்கள் குவிந்து கிடக்கின்றன, மற்ற பகுதிகளில் அந்த அளவுக்கு இல்லை. போனில் புள்ளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன, கணினியில் பார்ப்பதே நல்லது. வருடத்தைச் சுருக்கிக் காட்டும் பட்டை ஒன்று இருக்கிறது, அதை 1900க்குக் கீழே இறக்கிவிட்டுச் சுற்றிப் பாருங்கள், கூட்டம் குறைந்து நிதானமாகப் பார்க்க முடியும்.

குறிப்பிட்ட ஒரு முகவரிதான் வேண்டும் என்றால் 1940ஸ் டாட் என்.ஒய்.சி. என்று இன்னொரு இலவசத் தளம் இருக்கிறது, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். 1939க்கும் 1941க்கும் இடையில் சொத்துவரிக் கணக்குக்காக நகரின் ஐந்து பகுதிகளிலும் இருந்த கட்டடங்களை ஒன்று விடாமல் படம் எடுக்க முனைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் பிளாக் எண்ணும் மனை எண்ணும் காட்டுகிற சின்னப் பலகை ஒன்று தெரியும். சிலவற்றில் பலகையைப் பிடித்திருக்கும் ஆளின் தொப்பியும் விரல்களும்கூடப் படத்தில் வந்துவிட்டன. கலை நோக்கம் எதுவும் இல்லாத படங்கள், குறிப்பு என்று பின்னால் ஒரு வரி கிடையாது. ஆனால் உலக வர்த்தக மையத்துக்காக 1960களில் இடித்துத் தள்ளிய ரேடியோ ரோ வட்டாரத்தை அதில் பாருங்கள். கோர்ட்லாண்ட் தெருவில் கடை கடையாக நகரலாம், ரேடியோ விற்ற கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படிக்கலாம். பெரிய கோபுரங்கள் வந்ததும் போனதும் எல்லாருக்கும் தெரியும், அதற்கு முன்னால் அங்கே யார் கடை வைத்திருந்தார்கள் என்பது இந்தப் படங்களில்தான் மிச்சம் இருக்கிறது.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால் ஐந்தாவது அவென்யூவும் 42ஆவது தெருவும் என்பேன். 1842இலிருந்து அங்கே குரோட்டன் நீர்த்தேக்கம் இருந்தது. ஊர் நடுவே, எகிப்தியக் கோயில் மதில் மாதிரி சாய்ந்து ஏறுகிற 50 அடிச் சுவர், மேலே ஜனங்கள் காற்று வாங்க நடந்த நடைபாதை. 1900 வாக்கில் அதை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டி 1911இல் திறந்ததுதான் நியூயார்க் பொது நூலகம், இந்தப் படங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் அதே நூலகம். நீர்த்தேக்கத்தின் அஸ்திவாரக் கற்களில் கொஞ்சம் இன்றைக்கும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கண்ணில் படுகிற மாதிரி இருக்கின்றன. முதலில் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, அப்புறம் அதே புள்ளியில் நூலகத்தின் படங்களுக்கு வாருங்கள்.