'ஃபுட் அலர்ஜி பேனல்' எடுக்கச் சொன்னால், ஐஜிஇ-யா ஐஜிஜி-யா என்று முதலில் கேளுங்கள்

எனக்குத் தொந்தரவு காலையில் அடுக்குத் தும்மல், மூக்கு ஒழுகல், கண் அரிப்பு. இதை வைத்துக்கொண்டு ஒரு பரிசோதனை மையம் என் தலையில் கட்டியதுதான் அந்தப் பேனல்: எந்தெந்த உணவு ஒவ்வாது என்று ஒரே ரத்தப் பரிசோதனையில் பார்ப்பதாம். எப்போது வருகிறது, எதைச் சாப்பிட்டால் வருகிறது என்று ஒரு கேள்வி கிடையாது. ஒரு குழாய் ரத்தம், அவ்வளவுதான்.

ரிப்போர்ட் மட்டும் ஜோராக இருந்தது. வழவழ தாளில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். பால், முட்டை, கோதுமை என்று நான் தினமும் சாப்பிடுவதெல்லாம் சிவப்பில். உடனே 'டயட் ஆலோசகர்' ஒருவர் போனில் வந்தார். சிவப்பை நிறுத்துங்கள், எங்கள் சத்து மாத்திரையை எடுங்கள், அப்புறம் மறுபடி டெஸ்ட் என்றார். நிறுத்தினேன். உடம்பு இளைத்தது, தும்மல் அப்படியே இருந்தது.

பிறகு பார்த்த ஒவ்வாமை மருத்துவர் ரிப்போர்ட்டின் மேல் வரியில் விரலை வைத்தார்: ஐஜிஜி. உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஐஜிஇ; 1960களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஐஜிஜி வேறொரு எதிர்ப்பொருள்; உடம்பு அந்த உணவைச் சந்தித்திருக்கிறது என்பதற்கான தடயம். அதிகம் சாப்பிடுவது சிவப்பாகாமல் வேறு எது ஆகும்? உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஐஜிஜி4 (ஐஜிஜியில் ஒரு வகை) பரிசோதனை வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை அகாடமி 2008லேயே சொல்லிவிட்டது. இதில் இன்னொரு பயங்கரமும் உண்டு. உண்மையிலேயே ஒவ்வாமை உள்ளவருக்கு அதே உணவு பச்சையில் வரலாம். நம்பிச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

அங்கே எனக்குச் செய்தது தோல் குத்துப் பரிசோதனை. அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். முன்கையில் ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களின் துளிகள் வரிசையாக, ஒவ்வொன்றின் மேலும் லேசான குத்து. கால் மணி நேரத்தில் வீட்டுத் தூசிப் பூச்சித் துளி இருந்த இடம் கொசு கடித்தாற்போல் தடித்தது. ஒப்பிட, தடிக்க வேண்டிய ஹிஸ்டமின் துளி ஒன்றும் தடிக்கக் கூடாத உப்புநீர்த் துளி ஒன்றும் உண்டு. உப்புநீரில் வரும் தடிப்பைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால்தான் பாசிட்டிவ். அதுவும் தொந்தரவோடு பொருந்தினால்தான் ஒவ்வாமை என்பார்கள். உணவு விஷயத்தில் சந்தேகம் தீராவிட்டால், மருத்துவர் கண்ணெதிரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்துப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. வீட்டில் யாரும் முயற்சி செய்துவிடாதீர்கள்.

இப்போது தினமும் மூக்கில் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது. இதில் அடங்காவிட்டால் இம்யூனோதெரபி, அதாவது ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவது. அது குறைந்தது 3 வருட வேலை. பாலும் முட்டையும் பழையபடி சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "எங்கள் அளவீடு துல்லியமானது" என்றார் மேலாளர். துல்லியம்தான், ஆனால் அளந்தது ஒவ்வாமையை இல்லையே! பணம் வரவில்லை. குழந்தைகளுக்கான பேனல் தள்ளுபடியில் இருப்பதாக மெசேஜ் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.