அம்பர் எறும்பு வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தில் 7,500 ரூபாய் கொடுத்து, கும்பகோணத்தில் ஒரு ராசிக்கல் கடையில் மகளுக்கு, உள்ளே எறும்பு சிக்கியிருக்கிற அம்பர் கல் (ஆதிகாலத்து மரப்பிசின் இறுகிக் கல்லானது) வாங்கினேன். பிளஸ் டூ படிக்கிறாள், எறும்பு என்றால் உயிர். "உள்ள இருக்கிறது நரக எறும்புண்ணே, பர்மாலேருந்து நேரா வந்தது" என்றார் கடைக்காரர். எங்கள் பக்கம் ரங்கூன் போய்ச் சம்பாதித்த குடும்பங்கள் உண்டு. பர்மா என்றதும் நம்பிவிட்டேன்.

மகள் லென்ஸை வைத்து ஒரு நிமிஷம்தான் பார்த்தாள். "அப்பா, இது நம்ம மாமரத்து முசுறு."

நரக எறும்பு என்கிற, அழிந்துபோன எறும்பு பர்மாவின் காச்சின் பக்கத்து அம்பரில் கிடைத்தது உண்மை. 1996இல் ஹைடோமிர்மெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வயது சுமார் 9 கோடியே 90 லட்சம் ஆண்டு. அதன் தாடைகள் கருக்கரிவாள் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும், மேலும் கீழுமாக அசையும். இப்போது உயிரோடு இருக்கிற எறும்பு எல்லாம் பக்கவாட்டில், இடுக்கி போலக் கடிப்பவை. நான் வாங்கியதில் இருந்தது இடுக்கித் தாடை. ஆறு காலும் படம் வரைந்த மாதிரி விரிந்து கிடந்தன. உயிரோடு பிசினில் சிக்கித் துடித்த பூச்சி இவ்வளவு ஒழுங்காகவா கிடக்கும்?

ராத்திரியே கால் லிட்டர் தண்ணீரில் 7 டீஸ்பூன் உப்பு கரைத்துக் கல்லைப் போட்டோம். அசல் அம்பர் மிதக்கும். இது நேரே அடியில் போய் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் பிசின். எறும்பைப் பிடித்து வைத்து ஊற்றியிருக்கிறார்கள். மிதந்தாலும் உடனே நம்பாதீர்கள், கோப்பல் என்கிற, இன்னும் அம்பராக முற்றாத இளம் மரப்பிசினும் மிதக்கும். அதன்மேல் நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு சொட்டு விட்டால் பிசுபிசுக்கும், அம்பர் அப்படி ஒட்டாது.

மறுநாள் கடைக்குப் போனேன். "பில்லுல அம்பர்னு இருக்காண்ணே?" என்றார். எடுத்துப் பார்த்தால் 'கல் 1' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. பணம் திரும்பவில்லை. வாங்குகிறவர்கள் 'இயற்கை அம்பர்' என்று பில்லில் எழுதி வாங்குங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேற்று அந்த வழியாகப் போனேன். அதே தட்டில் இன்னும் நாலு கல் இருந்தது. நாலிலும் முசுறு.